நாலாம் டிவிசனில் இன்று ராத்திரி தங்குகிறவர்கள்

இன்று காலை நாலாம் டிவிசனில் இருப்பவர்கள்: மேல் லயத்து வரிசை வீடுகளில் கறுப்பையா, அவர் பெண்சாதி ராக்கம்மா. அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி, ஒரு கண் பார்வை போன சவரிமுத்து. நடு லயத்தில் வீரம்மாவும் அவள் மகன் பாஸ்கரனும். பாஸ்கரனுக்கு நாற்பத்தொன்று, எங்களில் அவன்தான் இளவட்டம். அவர்களுக்கு எதிரே பழனியாண்டி, தெய்வானை. மாரியம்மன் கோயிலை ஒட்டின ஒற்றை அறையில் காது கேட்காத சடையன். கீழ் லயத்தில் கடைசி வீடு என் அண்ணன் பெண்சாதி அழகம்மாவுடையது. அதற்கு முந்தின வீடு என்னுடையது. நான் காத்தாயி. பத்துப் பேர். படுக்கையைச் சுருட்டுவதற்கு முன்பே ஒரு தடவை எண்ணிவிட்டேன், வாய் கொப்பளிக்கும்போது ஒரு தடவை, இப்போது அழகம்மா மதினியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும். பத்து. குறையவில்லை, கூடவுமில்லை. ஆனாலும் மனசு நிற்கவில்லை. எண்ணி முடித்த இடத்திலிருந்து ஆரம்பித்த இடத்துக்கே ஓடுகிறது, கயிறு அறுத்த கன்று மாதிரி. இன்று ஜீப் வருகிறது. போன மாதம் வந்த ஆபீசர் அம்மா கோயில் முன்னால் நின்று காகிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போனாள். பத்துப் பேருக்குக் குறைந்தால் கரண்டு கம்பியை எடுத்துவிடுவார்கள், தண்ணீர் மோட்டார் ஓடாது, வெள்ளிக்கிழமை அரிசி லாரி ஏறி வராது, இருக்கிறவர்களைக் கீழே டவுனில் கட்டியிருக்கிற நாலு மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். "அன்னிக்கு ராத்திரி இங்க தங்குறவங்கள மட்டும்தான் எழுதுவேன். திருப்பூர்ல இருக்கிற மகன், கோயம்புத்தூர்ல இருக்கிற பேத்தின்னு பேரு சொல்லக்கூடாது" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபமில்லை. சின்னப் பெண், குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

மதினி மூச்சை இழுக்கிறாள். மூச்சு விடுகிறாள் என்று சொல்வது சரியில்லை. விடுவது தானாக நடக்கிறது, இழுப்பதுதான் பாடு. உள்ளே போகும்போது ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். கஞ்சித்தண்ணீர் தவிர எதுவும் இறங்குவதில்லை. காலிரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. எழுபத்தொன்பது வயசு, இப்படித்தான் போவார்கள் என்று எல்லோருமாக முடிவு செய்துவிட்டோம். முடிவு செய்த பிறகுதான் ஜீப் வருகிற தேதி நினைவுக்கு வந்தது. இழுக்கிறாள். நானும் அவளோடு சேர்ந்து இழுக்கிறேன், அவள் நின்றால் நானும் நிற்கிறேன், மறுபடி அவள் ஆரம்பிக்கும்வரை என் நெஞ்சு காத்திருக்கிறது. தலை சுற்றுகிறது. இவள் இப்போது போய்விடக் கூடாதே. ஏன் போய்விடக் கூடாது? என் மதினி என்பதாலா, பத்தாவது ஆள் என்பதாலா? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும். வேறு பக்கம் பார்க்கிறேன். சுவரில் ஈரம் இறங்கி ஒரு மாட்டுத் தலை மாதிரி படம் விழுந்திருக்கிறது. போன மழைக்கு அது கன்றுக்குட்டித் தலையாக இருந்தது. சுவரெல்லாம் வளருகிறது, ஆட்கள்தான் குறைகிறோம். எழுபத்து மூன்றில் லாரியிலிருந்து இறங்கினபோது அறுபத்துநாலு குடும்பம், இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று உருப்படி. உருப்படி என்றுதான் லாரிக்காரன் சொன்னான், பானை சட்டியைத்தான் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலை மலையில் மூன்று தலைமுறை இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபத்தில் அடைத்து வைத்து, ரயிலிலும் லாரியிலுமாக இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். காடாக இருந்தது. வெட்டினோம், தேயிலைக் கன்று நட்டோம். எண்பத்தொன்றில் முந்நூற்று நாற்பத்தாறு. அதுதான் உச்சம். அதற்குமேல் ஏறவேயில்லை. பிறந்தால் கூட்டுவேன், செத்தால் கழிப்பேன், அதில் சிக்கலில்லை. பனியன் கம்பெனிக்கு என்று திருப்பூருக்குப் போகிறவர்களை என்ன செய்வது? பொங்கலுக்கு வருவார்கள் என்று கழிக்காமல் வைத்திருப்பேன். இரண்டு பொங்கலுக்கு வராவிட்டால் கழிப்பேன். மூன்றாவது பொங்கலுக்கு வந்து நின்று "சௌக்கியமா பெரியம்மா" என்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும், உயிரோடிருப்பவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேனே என்று.

யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. நாலாம் வகுப்பு படித்தவள், சபையில் வாய் திறக்காதவள், என்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பிள்ளைக்காம்பிராவில் இருபத்தாறு வருஷம் நான்தான் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். காலையில் வாங்கும்போது எத்தனையோ, சாயங்காலம் கொடுக்கும்போது அத்தனை. ஒரு சமயம் முப்பத்தொரு பிள்ளை. பனி இறங்கின ஒரு சாயங்காலம் முப்பதுதான் வந்தது. தொட்டில் தொட்டிலாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன், முப்பது. வெளியே வெள்ளையாகப் பனி, மூன்று அடிக்குமேல் ஒன்றும் தெரியவில்லை, சரிவுக்குக் கீழே யானை கிளை ஒடிக்கிற சத்தம். பிறகு பார்த்தால், பின்வாசல் வழியாக ஒரு தாய் தன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்ப் பாலும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் எண்ணிக்கை ஒன்று குறைந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம் என் வயிற்றுக்குள் குளிர்ந்த தண்ணீராக இறங்கினது, இன்னும் முழுக்க வற்றவில்லை. இப்போதும் அதுதான் அசைகிறது. இழுக்கிறாள். சத்தம் கொஞ்சம் மெலிந்துவிட்டதா? குனிந்து காதை வைக்கிறேன். நீலகிரித் தைல வாடை, அதற்கடியில் பழைய துணி வாடை, அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று, அழுகப்போகிற வாழைப்பழம் மாதிரி. இருக்கிறாள்.

வாசலில் கறுப்பையா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மோட்டார் போடுகிறவர் அவர்தான், இங்கே பெரிய மனுஷர் மாதிரியும் அவர்தான். "காத்தாயக்கா, மூச்சு இருக்கா?" "இருக்கு." "நல்லா இருக்கா?" "நல்ல மூச்சு கெட்ட மூச்செல்லாம் எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது கறுப்பையா. இருக்கு." அவர் தலையைச் சொறிந்தார். "ஜீப்பு வந்துட்டுப் போறவரைக்கும் தாங்கிடும்ல?" கேட்டுவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது, "அதுக்குச் சொல்லலக்கா" என்றார், எதற்குச் சொல்லவில்லை என்று சொல்லாமலேயே போனார். அவர் போனதும் ராக்கம்மா கஞ்சியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வீரம்மா தைலப் புட்டியோடு. தெய்வானை தன் ஸ்வெட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள், பச்சைக் கலர், பட்டன் இரண்டு இல்லை. தெய்வானையும் பழனியாண்டியும் டவுனுக்குப் போக ஆசைப்பட்டு ரொம்ப நாளாகவே மூட்டை கட்டி வைத்திருக்கிறவர்கள். கறுப்பையாதான் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்து, இன்று ஒரு நாள் "தங்குறோம்" என்று சொல்லச் சம்மதிக்க வைத்திருக்கிறார். மூட்டையை ஆபீசர் கண்ணில் படாமல் விறகுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்களாம். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கால் வீங்குகிறது, கால் வீங்குகிறது என்று மதினி இரண்டு மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்; அப்போது யார் வந்தது? அடுத்த வீட்டிலிருந்து நானே "உப்பைக் குறைங்க மதினி" என்று சுவர் வழியாகத்தான் சொன்னேன். மதினி கண்ணைத் திறந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "என்னடி, என் வீட்ல கல்யாணமா?" என்றாள். சொல்வதற்குள் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. "குளிருதேன்னு ஸ்வெட்டர் கொண்டாந்தேன் பெரியம்மா" என்றாள் தெய்வானை. "சாகப் போறவளுக்கு எதுக்குடி ஸ்வெட்டரு." "ஐய, நீங்க எங்க சாகப் போறீங்க!" "அப்ப ஏன்டி எல்லாரும் வந்து வந்து எட்டிப் பாக்குறீங்க, புள்ள பெத்தவளப் பாக்குற மாதிரி." ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளுக்காக இத்தனை அன்பு எங்கிருந்து வந்தது, நாளைக்கு எங்கே போகும் என்று நினைத்தேன். உடனே, நீ மட்டும் எதற்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று உள்ளேயிருந்து கேட்டது. மறுபடி அந்த முள்.

வேறு பக்கம். அண்ணன். அண்ணனை நினைத்தால் இந்த முள் இல்லை, அது வேறு முள், பழகின முள். இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. அறுப்புக் களத்தில் மரக்காலால் அளந்து கொட்டுவதுபோல. எங்கள் அப்பா காகிதம் இந்தப் பக்கம் வந்தது. சன்னாசி அண்ணன் தனியாக எழுதிப் போட்ட காகிதம் அங்கேயே இருக்கச் சொல்லி வந்தது. மதினியைக் கோயிலில் வைத்துத்தான் கட்டினார், பதியவில்லை. அதனால் அவள் பேர் அவள் அப்பன் காகிதத்தில் இருந்தது, அவளுக்கு இந்தப் பக்கம். கப்பல் துறையில் அண்ணன் நின்றார், "பின்னாலயே வந்துர்றேன்" என்றார், கையில் மதினியின் தலையணை இருந்தது, அதைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றார். கப்பல் நகர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வரவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்து யாரோ வந்து சொன்னார்கள், அவருக்கு அங்கே வேறு குடும்பம் என்று. அன்று மதினி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கண்ணன் கணக்குல நான் இல்லயாம் புள்ள. உன் கணக்குல இருக்கேனா?" என்றாள். வெட்கத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகவே எங்கள் காலம் போய்விட்டது. நான் கல்யாணம் கட்டாததற்கு அவள் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. "வாயத் தொறந்து ஆமான்னு சொல்லத் தெரியாமலே கெழவியாயிட்டா" என்பாள் வருகிறவர்களிடமெல்லாம். டவுனில் அந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு அறை கொடுப்பார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்? யாரோ. தட்டினால் போலீஸைக் கூப்பிடுகிறவர்கள். அங்கே நான் யாரை எண்ணுவேன்? இங்கே பாதி வீடு கூரையில்லாமல், கதவு நிலையில் பன்றி முதுகைச் சொறிந்துகொண்டு போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்ல முடிகிற இடம் எனக்கு இது ஒன்றுதான். இதை விடமாட்டேன். மதினி, இழுங்கள். சத்தமில்லாமல்தான் சொன்னேன், வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது, ஈரம் சுவரில் இறங்குவதுபோல மெதுவாக. ஆபீசர் அம்மா உள்ளே வந்து பார்ப்பாளா? வாசலிலேயே நின்று, "படுத்திருக்காங்களா, சரி" என்று போய்விட்டு, பிறகு யாராவது "நீ கண்ணால பாத்தியா" என்று கேட்டால்? எழுதின பேரை வெட்டிவிடுவார்களே. பார்க்காத பேர் பேரில்லை. நாங்கள் விட்டு வந்த தேயிலை மலையில் தினமும் விடிவதற்கு முன் பெரட்டு உண்டு. களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்கள், நின்றவனுக்குத்தான் வேலை. சீக்காளியாக இருந்தாலும் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தொரைக்குக் காட்ட வேண்டும். காட்டினால் சீக்கு, பேர் நிற்கும். காட்டாவிட்டால் பேர் வெட்டு, அதோடு வீடும் போகும். எங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட போது அப்பா முதுகில் சுமந்து போய்க் காட்டினார். அவள் கால் இரண்டும் தரையில் இழுபட்டது. நான் எழுந்து வெளியே போய்க் கறுப்பையாவிடம் சொன்னேன், "மதினியைக் கட்டிலோட கோயில் முன்னால கொண்டுபோய் வைக்கணும். கண்ணால காட்டணும்." நான் வாயைத் திறந்ததில் அவருக்கே ஆச்சரியம். "அதான் சரி" என்றார் உடனே. சவரிமுத்துவும் "அதான் மொறை" என்றார். பாஸ்கரன் மட்டும், "எதுக்குப் பெரியம்மா? வெளிய பனி. உள்ளயே படுத்திருக்கட்டும். ரேஷன் கார்டைக் காட்டினா எழுதிக்கிட்டுப் போயிருவாங்க, எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "கார்டைக் காட்டுறானாம்! நீ இங்க பொறந்தவன்டா, உனக்குப் பெரட்டத் தெரியுமா, பேர் வெட்டத் தெரியுமா?" என்று வீரம்மா மகனின் தோளில் அடித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாலு பேர் கட்டிலின் நாலு காலைப் பிடித்தார்கள். சடையனுக்கு என்னவென்று கேட்கவில்லை, சாவு என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து பிடித்தார். "டேய் சடையா, நான் இன்னும் போகலடா" என்று மதினி சொன்னது அவருக்கு எங்கே கேட்கிறது? பச்சை ஸ்வெட்டரைப் போட்டுவிட்டோம். தலை வாரினேன். நெற்றியில் திருநீறு. உயிருள்ள ஆளாகத் தெரிய வேண்டும் என்று கன்னத்தைக்கூடத் தேய்த்துவிட்டேன்.

ஜீப் சத்தம் மூன்றாவது வளைவில் கேட்டதும் யாரும் சொல்லாமலே வரிசையாகிவிட்டோம். கோயில் முன்னால், தோளுக்குத் தோள், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. பாஸ்கரன்கூட எங்களைப் பார்த்து அதே மாதிரி நின்றான். வரிசையின் முடிவில் கட்டில், அதன் தலைமாட்டில் நான். ஆபீசர் அம்மா இறங்கினதும் ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டாள். "எதுக்கு இப்படி நிக்கிறீங்க? உட்காருங்க." யாரும் உட்காரவில்லை. அவள் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். கறுப்பையா. ராக்கம்மா. சவரிமுத்து. ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். பழனியாண்டி கொஞ்சம் தாமதித்துச் சொன்னான், கறுப்பையா செருமின பிறகு. சடையனை நான் தொட்டேன், அவர் கையைத் தூக்கினார். காத்தாயி. "இருக்கேன்" என்றேன், அவளுக்குக் கேட்டிருக்காது, ஆனால் என்னைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஒன்பது. அழகம்மா. மதினி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஆபீசர் அம்மா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்தவள் பேனாவை மூடிவிட்டுக் கட்டிலுக்கு வந்தாள். அங்கேதான் எல்லாம் திரும்பினது. மதினியின் கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். "நகம் ஏன் நீலமா இருக்கு? எவ்வளவு நாளா இப்படி? டாக்டர் பாத்தாரா?" அவள் காலை அமுக்கிப் பார்த்தாள், பள்ளம் விழுந்தது. "எங்கப்பாவுக்கு இப்படியேதான் வந்துச்சு. நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வச்சாங்க, எழுந்து உட்கார்ந்துட்டாரு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் எங்கம்மாகூட சண்டை போட்டுக்கிட்டு நல்லா இருந்தாரு. இது வயசுனால இல்ல, தண்ணி கோத்திருக்கு. ஜீப்ல ஏத்துங்க." கறுப்பையா முன்னால் வந்தார். "அம்மா, மொதல்ல எழுதிருங்க. பத்துப் பேரு. பேர் கூப்பிட்டீங்க, நின்னோம்." "ஆஸ்பத்திரிக்குப் போனா ராத்திரி எப்படிங்க இங்க தங்குவாங்க? நான் எப்படி எழுத முடியும்?" "அப்ப நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க." அவள் அவரைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். "கூட ஒரு பொம்பளை ஆள் வரணும். ஆள் இல்லாம ஆஸ்பத்திரில சேர்க்க மாட்டாங்க. யாரும் வரலேன்னா, நாளைக்கு வண்டி அனுப்பச் சொல்றேன். ஆனா நாளைக்கு வரைக்கும்..." "நாளைக்கே அனுப்புங்கம்மா, அதான் சரி" என்றார் கறுப்பையா.

வீட்டுக்குள் படுத்திருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பாள். பாஸ்கரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், சொன்னேனே என்று சொல்லாமல். வீட்டுக்குள் படுத்திருந்தால் பத்து எழுதியிருப்பாள், மதினியும் பத்தாவது ஆளாகவே ராத்திரியோ விடியவோ போயிருப்பாள், வயசு, இப்படித்தான் போவார்கள் என்று நாங்களும் இருந்திருப்போம். தண்ணீர்தான் கோத்திருக்கிறது. ஊசி போட்டால் எழுந்து உட்காருவாள். எழுந்து உட்கார்ந்து என்னைக் கேலி செய்வாள். பத்து. நான் பேசாமல் நின்றால் போதும், பத்து அப்படியே நிற்கும். பேசாமல் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை, எழுபத்துநாலு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். ராக்கம்மா கோயில் மணியைப் பார்க்கிறாள். வீரம்மா மகனைப் பார்க்கிறாள். தெய்வானை வாயைத் திறக்கப் பார்க்கிறாள், பழனியாண்டி அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறான். மோட்டார் ஓடாது. நாலாவது மாடி. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ. பேசாமல் நில். என் கையில் ஏதோ பட்டது, மதினியின் விரல், தண்ணீர்க் குழாய் மாதிரி ஜில்லென்று. குனிந்தேன். இழுத்தாள், இன்னொரு தடவை இழுத்தாள், பிறகு என் காதில் கேட்டாள், "பத்து வந்திருச்சா?" இவளிடம் யார் சொன்னது? நாங்கள் வாசலில் பேசினதெல்லாம் கேட்டுக்கொண்டா கிடந்தாள்? "எழுதிட்டான்னா சொல்லு புள்ள" என்றாள். "அதுவரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கிறேன்."

"நான் வர்றேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளைக்காம்பிராவில் முப்பத்தொரு பிள்ளையும் ஒரே நேரத்தில் அழும்போது தாய்மாரைக் கூப்பிடுகிற குரல் ஒன்று எனக்கு இருந்தது. அது இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. "நான் வர்றேன். தூக்குங்க மதினியை." எல்லோரும் திரும்பினார்கள். கறுப்பையா என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், கெஞ்சுகிறதுபோலச் சொன்னார், "அக்கா, ரெண்டு பேரு கொறையுதுக்கா. ஒண்ணில்ல, ரெண்டு. நீங்களா இதைச் செய்றது?" "எனக்குக் கழிக்கத் தெரியும் கறுப்பையா" என்றேன். அவர் கட்டிலின் தலைப்பக்கம் போய் மதினியின் அக்குளுக்குள் கை கொடுத்து, பாஸ்கரா காலைப் பிடி என்று அவரே தூக்கினார். மதினி ஒன்றும் கனமில்லை, வீங்கின கால்தான் கனம். ஜீப்பின் பின் சீட்டில் நான் முதலில் ஏறிக்கொள்ள, அவள் தலையை என் மடியில் வைத்தார்கள். மாற்றுச் சேலை எடுக்கவில்லை, வீட்டைப் பூட்டினேனா என்றும் நினைவில்லை. பூட்டியிருக்க மாட்டேன். இறங்கிப் பார்க்கலாமா என்று கால் துடித்தது, மடியில் தலை இருந்தது. மதினி கண்ணை மூடிக்கொண்டு, இழுக்கிற பாட்டுக்கு நடுவில், "எங்கடி போறோம்?" என்றாள். "ஊசி போட." "வலிக்குமா?" "வலிக்கும்." "உனக்கும் ஒண்ணு போடச் சொல்லு" என்றாள்.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். முன் சீட்டிலிருந்து ஆபீசர் அம்மா காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேனாவைத் திறந்திருந்தாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது, பேனா காகிதத்தில் படாமல் நின்றது. "அம்மா, நீங்க சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி தங்குறவங்க எத்தனை பேரு?" பின்பக்கப் படுதா காற்றில் தூக்கிக்கொண்டது. அவர்கள் இன்னும் கலையவில்லை, போகலாம் என்று யாரும் சொல்லாததால் கோயில் முன்னால் அதே வரிசையில் நிற்கிறார்கள், முடிவில் வெறும் கட்டில். பனி அவர்கள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன். பிறகு இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன்.

"எட்டு" என்றேன்.